முனியராஜின் இடது காது

என் தம்பி முனியராஜைப் பற்றிச் சொல்வதென்றால் காதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கே தொடங்கினாலும் அது குறுக்கே வந்து நிற்கும். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் எங்கள் தெருமுனை திரும்பும்போது முதலில் காது தெரியும், அப்புறம்தான் அவன் தெரிவான். பிறந்த அன்றைக்கு நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தபோதே இரண்டு காதும் துணிக்கு வெளியே நின்றனவாம். அம்மா விடுவாளா? தூங்கும்போது காதைப் பின்பக்கம் மடக்கி, பழைய சேலைக் கிழிசலால் தலையோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். விடிந்து பார்த்தால் துணி கழுத்தில் கிடக்கும், காது பழையபடி விறைத்துக்கொண்டு நிற்கும். அம்மா இருந்தவரைக்கும் அந்தச் சண்டையில் காதுதான் ஜெயித்தது.

பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சுளகுக் காதன் என்று பேர். உளுந்து புடைக்கிற சுளகை இரண்டு பக்கமும் சொருகிவைத்த மாதிரி இருக்குமாம். பேர் வைத்த பயலுக்கு நல்ல கண், நான் குறை சொல்ல மாட்டேன். ஆளாகி வேலைக்குப் போனானே, அதாவது ஒழுங்காக அமைந்ததா? அட்டைப்பெட்டி, காகிதக் குழாய், லேபிள் எல்லாம் வெடிக் கம்பெனிகளுக்கு ஏற்றிப் போகிற சின்ன லோடு வண்டி. அந்த வண்டிக்கு ஊரெல்லாம் குட்டியானை என்றுதான் பேர். பிறகு கேட்க வேண்டுமா? கம்பெனிக்குக் கம்பெனி வாட்ச்மேன்கள், "ஏலே, யானை காத ஆட்டிக்கிட்டு வந்துருச்சு, கேட்டத் தொற" என்பார்கள். இவனும் சேர்ந்து சிரிப்பான்.

மற்றபடி அவனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. வண்டியில் இடமிருந்தால் வழியில் நிற்கிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொள்வான். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் வாசலைத் தாண்ட மாட்டான். முடியை மட்டும் வெட்டவே மாட்டான், காதை மூடி வளர்த்து வைத்திருப்பான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆக வீட்டில் நானும், தம்பியும், அவன் காதும்தான்.

கல்யாணப் பேச்சு எடுத்தோம். முதலில் பார்த்த இடத்தில் பெண்ணின் சித்தி, "மாப்ள ஆடிக் காத்துல வெளிய போனா பறந்துருவாரு போல" என்று எங்கள் காதில் விழவே சொன்னாள். இரண்டாவது இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்ச் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காபித் தம்ளரை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தேன். முனியராஜ் வழி நெடுக முடியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொண்டே வந்தான்.

மூன்றாவதாக வந்தவள்தான் ரோஜா. ஊர் இருக்கன்குடிப் பக்கம், சாத்தூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வைத்துப் பார்த்தோம். வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் மனக்கசப்பு வரும். கோயில் என்றால் சாமி கும்பிட வந்த மாதிரி அவரவர் பாட்டுக்குக் கிளம்பிவிடலாம். அன்றைக்கு ஆற்றுப் பக்கமிருந்து நல்ல காற்று. தம்பி ஒரு கையால் பூத்தட்டையும் மறு கையால் முடியையும் பிடித்துக்கொண்டே சாமி கும்பிட்டான். ரோஜா குனிந்த தலை நிமிரவில்லை. நல்ல அடக்கமான பிள்ளை என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அவள் அப்பா சின்னச்சாமி மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நகை நட்டுப் பேச்செல்லாம் எனக்கு வேண்டாம் தாயி. ஒண்ணே ஒண்ணுதான். மாப்ள மருந்துல கை வைக்கக் கூடாது. கம்பெனியிலயும் சரி, லைசென்ஸ் இல்லாம ஒளிஞ்சு செய்றாகளே, அங்கனயும் சரி. எம் மவன் ஒருத்தன் போனது போதும்."

மருந்து என்றால் எங்கள் ஊரில் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பதை மாத்திரை என்போம். அவர் மகன் சங்கிலிமுத்து மருந்துக் கலவை ரூமில் வேலை பார்த்தவன். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து செத்தான். அத்தனை நாளும் அந்த மனுஷன்தான் கூடவே இருந்து பார்த்தார். அதற்கப்புறம் வெடி வேலை வேண்டாம் என்று உதறிவிட்டு ஆடு மேய்க்கிறார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் நேராகப் போய், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, "மாரியாத்தா மேல சத்தியமா மருந்து ரூம் வாசப்படிய மிதிக்க மாட்டேன் மாமா" என்றான். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. வருகிற வழியெல்லாம் வண்டியில் பாட்டுத்தான்.

இதோடு விட்டிருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்கிறேன்? இடையில் பேனர் வந்து புகுந்தது. எங்கள் பக்கம் தாலி இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும் போலிருக்கிறது, பேனர் இல்லாமல் நடக்காது. கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்து, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற நாரணாபுரம் விலக்கில் பெரிய பேனர் வைப்பதாகப் பேசிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி தம்பி சாப்பாட்டில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, என் மூஞ்சிய பத்தடி உயரத்துக்கு வைக்கப் போறாய்ங்களாம்."

"வச்சா வச்சிட்டுப் போறாய்ங்க. உனக்கென்ன?"

"மூஞ்சி பத்தடின்னா, காது எம்புட்டு இருக்கும்?"

"மழை வந்தா அடியில நாலு பேரு ஒதுங்கலாம்லே" என்றேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவன் பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டான்.

ஆவணியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது, "கோயம்புத்தூர்ல லோடு ஓட்டம் இருக்கு, வர ஒரு வாரமாகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். லோடுமில்லை ஒன்றுமில்லை. வண்டியைக் கூட்டாளி ஷெட்டில் நிறுத்திவிட்டு, மதுரைக்கு பஸ் ஏறியிருக்கிறான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நீட்டிக்கொண்டிருக்கிற காதை ஒட்டவைக்கிறார்கள் என்று செல்போனில் பார்த்து வைத்திருந்தானாம். மரத்துப்போக ஊசி போட்டு, காதுக்குப் பின்னால் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைத்து, நெற்றியையும் இரண்டு காதையும் சேர்த்துத் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் கட்டைத் தொடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாராம். கட்டு அவிழ்க்கிற வரைக்கும் மதுரையிலேயே தங்க இடம் தருகிறேன் என்ற இன்னொரு கூட்டாளி, போனை எடுக்கவில்லை. வேறு போக்கிடம் ஏது? பட்டப்பகலில் நாரணாபுரத்தில் வந்து இறங்கினான்.

உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன். எங்கள் தெருவுக்கு யார் சொன்னார்கள்?

இந்த ஊரில் தலையில் கட்டோடு ஓர் ஆண்பிள்ளை பஸ்ஸைவிட்டு இறங்கினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். காதுக்கு அழகு பார்த்துவிட்டு வருகிறான் என்று எந்தத் தெய்வத்துக்குத் தோன்றும்? அடுத்த வீட்டுச் செல்லக்கனி குழாயடியில் நின்றவள், குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "ஐயோ முனியராசு, எந்தக் கம்பெனியிலய்யா?" என்று கேட்டிருக்கிறாள். இவன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாத்தினானே, அங்கேதான் கெட்டது. கம்பெனியில் அடிபட்டவன் எதற்காகக் கதவைச் சாத்துகிறான்? பக்கத்திலேயே சிவகாசி ஆஸ்பத்திரி இருக்க, இவன் மதுரை பஸ்ஸில் வந்து இறங்குவானேன்? செல்லக்கனி வழக்கு விசாரித்துத் தீர்ப்பே சொல்லிவிட்டாள். லைசென்ஸ் இல்லாத இடத்தில் திருட்டு வெடி செய்யப் போயிருக்கிறான், வெடித்துவிட்டது, போலீஸ் கேஸ் வராமலிருக்க வெளியூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாயிற்று. செல்லக்கனியின் நாத்தனார் இருக்கன்குடிப் பக்கம் வாக்கப்பட்டவள். பிறகு சின்னச்சாமி மாமாவுக்குச் சேதி போக எவ்வளவு நேரமாகும்?

எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. வெடிக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து சரவெடிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வாட்ச்மேனிடம் போனை வாங்கிப் பார்த்தால், தெருவில் உள்ளவர்கள் அத்தனை பேரும் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர் போனவனுக்கு இங்கே என்ன வந்தது என்று யோசிக்கக்கூடப் புத்தி வரவில்லை. செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது, ஓடினேன்.

வாசலில் கூட்டம். செல்லக்கனி அதற்குள் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். ஆளை விலக்கிக் கதவைத் தட்டினேன். திறந்தான். முழு ஆளாக நிற்கிறான், கை கால் இருக்கிறது, தலையில் மட்டும் இவ்வளவு பெரிய கட்டு. அவனைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்துக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தேன். "ஐயோ அக்கா, காது!" என்று கத்தினான்.

"என்னலே செஞ்ச? எங்கன போயி விழுந்த? வாயத் தொற!"

அவன் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அந்த நேரத்தில்தான் டி.வி.எஸ். வண்டி ஒன்று வந்து நின்றது. சின்னச்சாமி மாமாவும் பின்னால் ரோஜாவும். மாமா வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை, ரோஜாதான் பிடித்துக்கொண்டாள். மனுஷனுக்கு முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வாங்க மாமா, உக்காருங்க" என்றேன்.

"உக்கார வரல தாயி." என்னைப் பார்க்கவே இல்லை, கட்டைத்தான் பார்த்தார். "சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனீகளே மாப்ள. நான் நம்புனேனே. எம் புள்ளையக் குடுக்கேன்னு ஊரு பூராம் சொல்லிட்டேனே. எங்கன வெடிச்சுச்சு? அதச் சொல்லுங்க. சொல்லிட்டீகன்னா நாங்க இப்படியே திரும்பிப் போயிருவோம். இன்னொரு தடவ ஆஸ்பத்திரி வாசல்ல கெடக்க எனக்குத் தெம்பு இல்ல."

ரோஜா கண்ணெல்லாம் சிவந்துபோய் வாசலில் நின்றாள்.

தம்பி அவளைப் பார்த்தான். இரண்டே வழிதான். பேசாமலிருந்தால் பெண் போய்விடும். பேசினால் மானம் போய்விடும். கல்யாணத்துக்கு முன்னால் காதுக்கு அழகு பார்த்த ஆண்பிள்ளை என்று தெரிந்தால் இந்த ஊர் பேரன் பேத்தி காலம்வரைக்கும் சொல்லிக் காட்டும். அவனுக்குத் தெரியாதா? தொண்டையைச் செருமினான்.

"மருந்து இல்ல மாமா. காது."

"காதுக்கு என்ன?"

"நீட்டிக்கிட்டு இருந்துச்சுல்ல. ஒட்டவச்சுட்டு வந்தேன்."

வாசலிலிருந்து செல்லக்கனிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "காத ஒட்டவைக்க ஒரு ஆஸ்பத்திரியாம்! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமாய்யா?"

சின்னச்சாமி மாமாவும் நம்பவில்லை. "கட்ட அவுத்துக் காட்டுங்க" என்றார். "கருகியிருக்கான்னு எங் கண்ணால பாக்கணும்."

ஒரு வாரம் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னது அவனுக்கு நினைவில்லாமலா இருக்கும்? கையைத் தூக்கி முடிச்சை அவிழ்த்தான். சுற்றுச் சுற்றாகக் கட்டு தரையில் விழுந்தது. பஞ்சை எடுத்தான்.

இரண்டு காதும் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் என்ன கோலம்! சிவந்து, வீங்கி, ஊதா நிறம் ஓடிப்போய், எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பணியாரம் மாதிரி இருந்தன. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. தெருவே சிரித்தது. செல்லக்கனி அழுத கண்ணோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், ஆரஞ்சுப் பழம் எல்லாம் உருண்டு ஓடியது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

சின்னச்சாமி மாமா மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே போனார். அவன் புருவத்தை விரலால் தடவிப் பார்த்தார். இமை முடியைப் பார்த்தார். இரண்டு கையையும் திருப்பி நகக்கண்ணைப் பார்த்தார். பிறகு தலைமுடியை முகர்ந்து பார்த்தார். மருந்துப் புகை பட்ட முடி எத்தனை குளித்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுமில்லை, டெட்டால் வாசம்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் மவனுக்கு ஒவ்வொரு நாளும் கட்ட அவுக்கும்போது நான் பாத்தேன் தாயி" என்றார் என்னிடம். "கட்டுக்குள்ள ஆளு முழுசா இருக்கிறத இன்னிக்குத்தான் பாக்கேன்."

சிரித்துக்கொண்டிருந்த தெரு கப்பென்று அடங்கிவிட்டது. மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தரையில் கிடந்த கட்டை எடுத்துச் சுருட்டினார். புதுப் பஞ்சு இருக்கிறதா என்று கேட்டார். தம்பி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். காதில் பஞ்சை வைத்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்து, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி விடாமல் கட்டிக்கொண்டே வந்தார். நர்ஸ் கட்டுகிற மாதிரியே இருந்தது. எங்கே பழகினார் என்று யாரும் கேட்கவில்லை. இடது பக்கம் வரும்போது தம்பி லேசாக முகத்தைச் சுளித்தான். மாமாவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"வலிக்குதா மாப்ள?"

"இல்ல மாமா."

"வலிச்சா சொல்லணும். மறைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மெதுவாக முடிச்சுப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் ரோஜா வீட்டுக்குள் வந்தாள். வந்தவள் நேராக அவன் எதிரில் நின்று, "இந்தக் காத மறைக்கவா இம்புட்டுக் கூத்து?" என்றாள். "நான் கோயில்லயே பாத்துட்டேன். ஒரு கையில பூத்தட்டு, ஒரு கையில முடி. ஒரு பக்கந்தான பிடிக்க முடியும்? இன்னொரு பக்கம் வண்டிக் கண்ணாடி கணக்கா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. சிரிப்ப அடக்க முடியாமத்தான் நான் தலையவே தூக்கல."

அடக்கமான பிள்ளை என்று மெச்சினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

"பாத்துட்டுமா சரின்ன?" என்றான் தம்பி.

"பின்ன? பாக்காமலா சரிம்பாக? நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா மதுரைக்குப் போன பஸ் டிக்கெட்டாவது மிஞ்சியிருக்கும்."

கூட்டத்தில் இரண்டாம் முறை சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை மாமாவும் சிரித்தார். நான் காபி போட உள்ளே போனேன்.

ஒரு வாரம் கழித்து மதுரையில் கட்டை அவிழ்த்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். வலது காது அழகாகப் படிந்திருந்தது. இடது காது, அம்மா காலத்தில் எப்படியோ அப்படியே மறுபடி வெளியே வந்துவிட்டது. நடுவில் யார் கட்டை அவிழ்த்தது, யார் இவ்வளவு தளர்த்திக் கட்டியது என்று கத்தியிருக்கிறார். கத்திவிட்டு, நல்ல மனுஷன், இன்னொரு தடவை வா, சரி பண்ணிவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். இவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன், அந்தப் பக்கம் போகவே இல்லை.

தம்பி இப்போது முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறான். ஊர் சும்மா இருக்குமா? வலது பக்கம் நின்று பார்த்தால் மாப்பிள்ளை, இடது பக்கம் நின்று பார்த்தால் சுளகு என்கிறார்கள். "யானைக்கு ஒத்தக் காது போச்சே" என்று வாட்ச்மேன்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். இப்போதும் சேர்ந்துதான் சிரிக்கிறான். ஆனால் முன்னைப்போலச் சிரித்துவிட்டு வீட்டில் வந்து பாதிச் சோற்றில் எழுவதில்லை.

மார்கழியில் பேனருக்குப் படம் கொடுக்க ஃப்ளெக்ஸ் கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு, "அண்ணே, இந்த இடது காத மட்டும் லேசா உள்ள தள்ளிரவா? ஒரு நிமிசம்தான், யாருக்கும் தெரியாது" என்றார்.

"அதத் தொடாதீங்க" என்றான் தம்பி. "அது எங்க மாமா கட்டுன காது."

தை மாதம் கல்யாணத்தன்று விடியற்காலையில் பெண் வீட்டு வேன் நாரணாபுரம் விலக்கில் வந்து நின்றது. ஆரத்தித் தட்டோடு நான் போனேன். எல்லோரும் இறங்கி நடக்க, சின்னச்சாமி மாமா மட்டும் பேனருக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பத்தடி உயரத்தில் என் தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். இடது காது பேனரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

"என்ன மாமா பாக்கீக? நேரமாச்சு, வாங்க" என்றேன்.

கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கலாம் தாயி. வலிக்குமேன்னு பயந்துட்டேன்."